கேக்குக்கு ஏது கழுத்து?

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, கண்ணைத் தொட்டுச் சொல்கிறேன். ஜெயித்தவர் வாயாலேயே கேட்டது. தோற்றவர் சொல்லியிருந்தால்தான் கூட்டிக் குறைத்துச் சொல்வார்.

கேக்குக்காரியின் அம்மாவிடம் இருந்த ஒரே நகை ஒரு முத்துமாலை. மகளுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்த அம்மா, கையில் கொடுக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லோரும் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மாலை அண்ணி கழுத்தில் இருந்தது.

அண்ணனிடம் கேட்டால் வீட்டில் அமைதிதான் முக்கியம் என்பான். அவனுக்கு அமைதி, அண்ணிக்கு மாலை.

அண்ணிக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. கேக் நாத்தனார் பொறுப்பு, அதுவும் இலவசமாக. சொந்தத்துக்குள் காசு கேட்பது அநாகரிகம் என்பதில் அண்ணி உறுதியாக இருந்தாள். கேக்குக்காரி முகம் சுளிக்கவில்லை. அண்ணியின் மாலை மாதிரியே சர்க்கரையில் ஒன்று செய்து கேக்கின் மேல் வைக்கிறேன், பார்த்துச் செய்ய மாலையைக் கொடுங்கள் என்று கேட்டாள். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை, கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

கேக் சாமான் கடைக்காரரிடம் மாலையைக் காட்டி, எந்த மாவு சரிப்படும் என்று விசாரித்தாள். அவருக்கு விளக்கம் சொல்வதென்றால் சாப்பாடே வேண்டாம். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவு கேக்கின் மேலே போர்த்துவதற்கு நல்லது. ஆனால் கடைசிவரை மெத்தென்றே இருக்கும், காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் வியர்த்துத் தொங்கிவிடும் என்றார். கேக்குக்காரிக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. கம் பேஸ்ட் அப்படியில்லை. உருட்டி, ஊசியால் துளைத்து, ஒரு நாள் காயவிட்டால் பீங்கான் தோற்கும். மினுக்குப் பொடி தடவிவிட்டால் முத்து வியாபாரிக்கே அடையாளம் தெரியாதாம்.

"கழுத்துல போட்டா தாங்குமா?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கேக்குக்கு ஏதுங்க கழுத்து?"

அவள் கம் பேஸ்ட்டை வாங்கிக்கொண்டாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

சொன்ன நாளில் மாலை திரும்பி வந்தது. அண்ணி முத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கி வைத்தாள். சொந்தம் வேறு, எண்ணிக்கை வேறு.

பிறந்தநாளன்று கேக்கின் மேல் சர்க்கரை மாலை மின்னியது. கேக் வைத்திருந்த அறையிலேயே, கண்ணாடி முன்னால் அண்ணி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். தலை வாரிக்கொள்கிறேன் என்று உள்ளே போன கேக்குக்காரி, தலை கலையாமல் வெளியே வந்தாள். கண்ணாடி முன்னால் ஒரு மாலை, கேக்கின் மேல் ஒரு மாலை. இடம் மட்டும் மாறியிருந்தது.

கேக்கை வெட்டித் தின்று முடித்ததும் அவள் பவ்யமாகக் கேட்டாள். "இந்த சர்க்கரை மாலைய நான் எடுத்துட்டுப் போறேன் அண்ணி. பசங்க ஆசப்படுவாங்க."

அண்ணி அந்த மாலையிலிருந்து ஒரு முத்தைப் பிய்த்து வாயில் போட்டுக் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"உங்கம்மா மாலை நல்லாத்தான் இனிக்குது. நீயும் ஒண்ணு சாப்பிட்டுப் பாரேன்."

கடைக்காரர் சும்மா இருப்பாரா? மாலை திரும்பி வந்த கையோடு, கழுத்து விஷயமும் அண்ணி காதுக்கு வந்துவிட்டது. அண்ணி மாலையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதே கம் பேஸ்ட்டை வாங்கி வந்து தானும் உருட்டினாள். கண்ணாடி முன்னால் வைத்தது அதைத்தான். நாத்தனார் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரையைத் திருடியிருக்கிறாள்!

ஊர்ச் சிரிப்புக்கு நடுவே கேக்குக்காரி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அண்ணி பீரோவைத் திறந்து மாலையை எடுத்துப் போட்டவள்தான், தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

"எங்கிட்டயேவா?" என்று அண்ணி என்னிடம் பெருமையடித்து முடிக்கும்வரை, கழுத்து மாலையில் ஏறிக்கொண்டிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டபடியே இருந்தாள்.