மூன்றாவது வார்டு பதுங்குகுழி

“அது பள்ளம் இல்ல, பதுங்குகுழி. போன கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சு” என்றார் மாதவராஜ்.

நரிப்பாறை பேரூராட்சிக் கூட்ட அறையின் பெரிய நாற்காலியில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலை ஒட்டி, மனு கொடுக்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள் சசிகலா. மூன்றாவது வார்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. அதற்குக் காரணம் வெயில் இல்லை.

“சாக்கடை கட்டறேன்னு தோண்டுனது. மூடாம உட்டுட்டுப் போனது. அது எப்பங்க பதுங்குகுழி ஆச்சு?”

“சண்டை வந்தப்ப ஆச்சு.”

எல்லையில் சண்டை மூண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. எல்லைக்கும் நரிப்பாறைக்கும் நடுவே பாதி இந்தியா கிடந்தது. இருந்தாலும் பேரூராட்சி அசந்துவிடவில்லை. கொசு மருந்து அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் விமானம் போல் கேட்டு ஜனங்கள் மிரளுவார்கள் என்று அதை நிறுத்தியது. மேலிருந்து பார்க்கும் எதிரி, மலை என்று நினைத்து விலகிப் போகட்டும் என்று குப்பை அள்ளுவதை நிறுத்தியது. தெருவிளக்குகளை மொத்தமாக அணைத்தது. இதெல்லாம் ஒரே மாலையில், ஒரு தட்டு பஜ்ஜி தீர்வதற்குள் நிறைவேறிய தீர்மானங்கள்.

“எங்க தெரு தேன்மொழி கம்பெனி வேன்ல இருந்து எறங்கி நடந்து வந்திருக்கா. வெளக்கு இல்ல. உங்க குழியில உழுந்து, காலு ரெண்டா ஒடஞ்சு தர்மபுரி ஆஸ்பத்திரியில கெடக்கறா. அவ சம்பளத்துலதான் அந்தக் குடும்பமே சோறு திங்குது. நாளைக்கு எந்தப் புள்ள உழுவும்னு தெரியல. இன்னிக்கே மூடணும், வெளக்கு எரியணும். அது வரைக்கும் நான் நவுர மாட்டேன்.”

முன்வரிசையில், ஐந்தாவது வார்டுக்காக எப்போதும் பேசும் கோவிந்தன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு திரும்பினார். பள்ளம் தோண்டிய ஒப்பந்ததாரர் அவருடைய மச்சான்.

“யக்கா, குண்டு உழுந்தா அதே குழிக்குள்ளதான் வார்டே ஓடும். அன்னிக்கு எங்கள கும்புடுவீங்க.”

“குண்டு எப்ப உழுவும் கோவிந்தா?”

“அதச் சொல்லிட்டா போடுவான்?”

முன்வரிசை சிரித்தது. எட்டாவது வார்டு வீரமணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“சிரிக்கறீங்களா? ஓட்டுக் கேக்க வந்தப்ப தேன்மொழி வூட்டு வாசல்லதான் நின்னு மோரு குடிச்சீங்க. ஒருத்தராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

மாதவராஜ் மேசையைத் தட்டினார். “போதும். இது யுத்த சமாச்சாரம். உனக்கு இதெல்லாம் புரியாது. வூட்டுக்குப் போ.”

“போக மாட்டேன்.”

“எல்லாரு முன்னாடியும் என் மரியாதயக் கெடுக்காத.”

“அவ காலு போச்சு. உங்களுக்கு மரியாதை கேக்குதா?”

செயல் அலுவலர் தங்கராஜ் பக்கம் திரும்பினாள். “சார், நீங்களாவது சொல்லுங்க.” தங்கராஜ் ஜன்னல் வழியாக ஒரு வேப்பமரத்தை ஆராய்ந்தார். அந்த மரத்தில் ஆராய ஒன்றும் இல்லை.

அப்போது ஜீப் வந்து நின்றது. மாவட்டத்திலிருந்து, போர்க்காலப் பணிகளைக் கவனிக்கப் புதிதாகப் போட்டிருந்த அதிகாரி சுமலதா உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர். அதிகாரியின் கையில் அரக்கு முத்திரை வைத்த உறை.

“வாங்க மேடம், வாங்க. யாருப்பா அங்க, டீ சொல்லு” என்றார் மாதவராஜ்.

“டீ வேண்டாம் தலைவரே. இது ரகசிய உத்தரவு. ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த உறுப்பினருங்க, செயல் அலுவலர் முன்னாடி மட்டும்தான் படிக்கணும். வெளியாளு யாராவது உள்ள இருந்தா கைது பண்ணச் சொல்லி எழுதியிருக்கு. அதான் இவரையும் கூட்டிட்டு வந்தேன்.”

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதிகாரி சசிகலாவைப் பார்த்தார்.

“அம்மா, மனுவ சார்கிட்டக் குடுத்துட்டு வெளிய இருங்க.”

சசிகலா அசையவில்லை.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கோவிந்தன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

“நீங்க எங்க போறீங்க? ஐந்தாவது வார்டு மெம்பர்தானே?” என்றார் அதிகாரி, அவர் முன்னால் இருந்த வார்டு எண்ணைப் பார்த்து.

“மெம்பரு வூட்ல மாட்டுக்குத் தீனி வெச்சிட்டிருக்கறாங்க மேடம். நான் அவங்க வூட்டுக்காரரு.”

அவர் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் இன்னொருவர். போலீஸ்காரரை உரசாமல், வரிசையாக, பள்ளிக்கூடம் விட்டாற்போல் முன்வரிசை காலியானது. மிஞ்சியவர் வீரமணி. அவர் நிஜமாகவே ஓட்டு வாங்கி வந்தவர், அந்த நிம்மதியில் தூக்கம் கலையவில்லை.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “சரி, தலைவரே, நீங்களாவது இருக்கீங்களே. உக்காருங்க. எங்க எந்திரிக்கறீங்க?”

மாதவராஜ் செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டினார்.

சசிகலா நேராக நடந்து போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தலைவர் நான்தாங்க மேடம், இப்பப் போனது எங்க வூட்டுக்காரரு” என்றவள், தங்கராஜ் பக்கம் திரும்பினாள். “சார், ஜே.சி.பி.யக் கூப்புடுங்க.”