வான்கோழிக்கு முப்பது கஜம்

கண்டோன்மென்ட் மாதா கோயில் திருவிழாவில் சைக்கிள் போட்டிக்கு வான்கோழி பரிசு என்று காதில் விழுந்ததுமே, தியோடர் தான் ஆசை வைத்திருந்த டோரீனின் குடும்பத்தை விருந்துக்கு அழைத்துவிட்டான். மற்றதையெல்லாம் விசாரிக்க அவனுக்கு ஏது பொறுமை!

மைதானத்தில் போட்டிக்கு மைக்கேல்ராஜும் சைக்கிளோடு நிற்பதைப் பார்த்ததும், தியோடர் நொண்டிக்கொண்டே அவனிடம் போனான். அவனுக்கும் டோரீன் மேல் ஒரு கண்.

"பிரதர், எனக்கு முழங்கால் வலி. கொஞ்சம் ஹெட் ஸ்டார்ட் குடேன்."

"அப்படின்னா?"

"துரைமார் பேச்சுப்பா. உங்களுக்கெல்லாம் முன்னாடி தள்ளி நின்னு கிளம்பறது."

"அவ்வளவுதானா? முப்பது கஜம் எடுத்துக்க!"

இப்படியும் ஒரு ஏமாளியா என்று தியோடருக்கே பாவமாயிருந்தது. விசில் ஊதியதும் காற்றாய்ப் பறந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பினால், மற்றவர்கள் கிளம்பிய இடத்திலேயே தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். டோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பங்குச் சாமியார் அறிவித்தார்: "ஸ்லோ சைக்கிள் ரேஸ்! கடைசியாக வருபவருக்கே வான்கோழி. முதலில் அவுட்டானவர், தியோடர்!"

மைக்கேல்ராஜ் ஹேண்டில்பாரை ஆட்டி ஆட்டிச் சமாளித்தபடியே கத்தினான்:

"பிரதர், டோரீன் வீட்டாருக்கு விருந்து இனி எங்க வீட்லதான். நீயும் வந்துடு. அவசரமில்ல, மெதுவா வா!"