முதல் வீடு

"டெபாசிட் இல்லாத லோன், முதல் வீடு வாங்குறவங்களுக்குத்தான் லா" என்றார் கோலா சிலாங்கூர் பேங்க் அதிகாரி. "ரெண்டு பேர் சேர்ந்து வாங்குனா ரெண்டு பேருக்கும் அது முதல் வீடா இருக்கணும். மிஸ் துளசி பேர்ல ஏற்கனவே அசாம் ஜாவால வீடு இருக்கே!"

விஷாலினி பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா துளசியைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்தை இடிக்கப் போகிறார்கள். படுக்கையில் கிடக்கும் அம்மாவை எங்கே கொண்டுபோவது என்று அவள் தவிக்க, கூடப் பிறந்தவள் வீட்டை மறைத்திருக்கிறாள்!

காரில் ஏறியதும் வெடித்தாள். "எங்ககூட லயத்துல ஒண்டிக்கிட்டு, வீட்ட வாடகைக்கு விட்டு மாசாமாசம் டுயிட் எண்ணிக்கிட்டு இருந்தியாக்கா?"

துளசி அசாம் ஜாவாவுக்குக் காரை ஓட்டி, ஒரு செம்மண் பாதையில் நிறுத்தினாள்.

விஷாலினி கையை நீட்டினாள். "சாவியக் குடு. இன்னைக்கே அம்மாவக் கூட்டிட்டு வர்றேன்."

துளசி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். ஆளுயரப் புல்லுக்குள் துருப்பிடித்த கம்பிகளோடு நாலு தூண்கள் நின்றன.

"டெவலப்பர் பாதியில ஓடிட்டான். பேங்க் மட்டும் இன்னமும் மாசாமாசம் எங்கிட்ட லோன் பணம் வாங்குது. இதையும் வீடுன்னு கணக்குல சேப்பாங்கன்னு நெனைக்கலடி" என்றாள் துளசி. "கதவு வெச்சிருந்தாத்தானே சாவி குடுப்பாங்க?"