பல்லிளித்த காசு

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் வாங்கி, கல்யாணத்துக்கு அப்பா போட்ட ரோமாபுரி வெள்ளிக்காசு, பிரிஜட்டின் கழுத்தில் இரண்டே வருஷத்தில் பல்லிளித்தது. உள்ளே செம்பு.

"பெத்த மகளையே ஏமாத்திட்டீங்களே," என்று அவர் முகத்தில் விட்டெறிந்தாள்.

மறுமாதம் அதே மாதிரி இன்னொன்று கொண்டுவந்தார். "இது சுத்த வெள்ளிம்மா." வாங்கிக்கொண்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை.

இன்று சிராங்கூன் ரோடு பழங்காசு வியாபாரி அந்த இரண்டாவது காசை உரசிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போலிம்மா. யாரோ பத்தர் செஞ்சது."

மறுபடியும் ஏமாற்றிவிட்டார் அப்பா. "வெள்ளி இல்லையா?"

"முழுக்க வெள்ளி லா. அதனாலதான் போலி. இந்தக் காசுல இருக்கிற ராஜா காலத்துல ஓயாத சண்டை, கஜானா காலி. செம்புக்கு வெள்ளி முலாம் பூசித்தான் காசு அடிச்சாங்க. செம்பு தெரிஞ்சா அதுதான் அசல்."

இரண்டாவது காசோடு வந்த அன்று அப்பா கையில் எப்போதும் இருக்கும் கடிகாரம் இல்லாதது, பிரிஜட்டுக்கு இப்போதுதான் உறைத்தது.