வெறும் தூக்குச்சட்டி

"இந்தத் தூக்குச்சட்டிய இனி நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நாளையிலருந்து நான் வரமாட்டேன்."

வாசலில் நின்றபடி பாத்திமுத்து பித்தளைத் தூக்குச்சட்டியை நீட்டினாள். சங்கிலிப்பாண்டி வாங்கவில்லை.

"ஏன் வரமாட்ட? சண்டையா?"

"சண்டன்னா வராம இருப்பேனா? வந்து போட்டுட்டுல்லா போவேன்! எம் மவன் ஜாபர் அலி வந்திருக்கான். புதியம்புத்தூர்ல தையக்கட போட்டுட்டானாம். அங்கனயே வந்து இருந்துருங்கான். பத்து மணி பஸ்சு."

"பிள்ளையத் தொட்டிலாட்ட ஆள் வேணும். அதான் உம்மா நெனப்பு வந்திருக்கு."

"வரட்டுமே. எம் பேரன்தான? ஆட்டிட்டுப் போறேன்."



சங்கிலிப்பாண்டி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான் என்று வருடக்கணக்கில் கடுங்காப்பிதான். தெருவில் கரண்டுக் கம்பம் நட வந்தவர்களை, "வீட்ட வேவு பாக்கவா வந்திய?" என்று விரட்டியவர். பிள்ளை கிடையாது. மனைவி போனபின் எட்டிப் பார்த்த சொந்தக்காரர்களை, "கரிசக்காட்டுக்குத்தானலே வந்திய?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் அந்த நிலத்துக்குத்தான் வந்தார்கள் என்பதும் நிசம்தான்.

அடுத்த வீட்டுப் பாத்திமுத்து மட்டும் நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இந்தத் தூக்குச்சட்டியில் கத்தரிக்காய் ஆணம் கொண்டுவந்தாள். குழம்பைத்தான் அவர்கள் ஆணம் என்பார்கள். ஒரு வீட்டுக்கு வெறும் பாத்திரம் போகக்கூடாது. அது அந்தப் பக்கத்து வழக்கம். சங்கிலிப்பாண்டி சீனிக்கிழங்கு அவித்துப் போட்டுத் தூக்கை அனுப்பினார். அடுத்த வாரம் அதில் இடியாப்பம் வந்தது. பதிலுக்குக் கம்மங்கொழுக்கட்டை போனது.

மூன்று வருடமாக இதே கதைதான். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து வரும். வெள்ளிக்கிழமை இங்கிருந்து போகும். அந்த இரண்டு நாள்தான் அந்த வீட்டில் பேச்சு. மற்ற ஐந்து நாளும் சங்கிலிப்பாண்டி வாயைத் திறப்பது கொட்டாவி விடத்தான்.

"உள்ள என்ன?" என்றார்.

"தேங்காச்சோறு."

வாங்கினார். சோற்றைத் தட்டில் தட்டிவிட்டுச் சட்டியைக் கழுவினார். "இரு. உளுந்தங்களி கிண்டித் தாரேன்."

"நேரமில்ல அண்ணாச்சி! அதான் சட்டிய வச்சுக்கிடுங்கன்னு சொல்லுதேன்லா."

"வெறுஞ்சட்டியா எப்படி அனுப்ப?"

"சட்டியவே நான் கேக்கலையே!"

"நீ கேக்காட்டா என்ன? போகவேண்டியது போகணும்."

பாத்திமுத்து சிரித்துவிட்டாள். "சரி, கிண்டுங்க. வண்டி வரதுக்குள்ள வந்தா வாங்கிக்கிடுதேன். களியிலயாவது கல்லு இல்லாமப் பாத்துக்கிடுங்க. போன வெள்ளிக்கிழம கொழுக்கட்டையக் கடிச்சு ஒரு பல்லு போச்சு."

"இருக்கதே நாலு பல்லு. அதுக்கு ஒரு பிராது!"

அவள் போனதும் அடுப்பில் குனிந்தார். ஐப்பசி மழையில் பருத்திமார் விறகு நனைந்து கிடந்தது. ஊத ஊதப் புகைதான் வந்தது. கருப்பட்டிப் பாகு காய்வதற்குள் கண் இரண்டும் சிவந்துவிட்டன. மாவைப் போட்டுக் கிண்டினார். தோள் வலித்தது. நிறுத்தவில்லை.

சட்டி அந்தப் பக்கம் போனால்தான் இந்தப் பக்கம் ஆள் வரும். சட்டி இங்கேயே தங்கிவிட்டால், வாசலில் மனுசக் குரல் இன்றோடு சரி. அது அவருக்குத் தெரியும்.

களி அடிப்பிடிக்கிற வாடை வந்தபோது தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. களியை அள்ளித் தூக்குச்சட்டியில் போட்டார். நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி மூடிக்கொண்டு வெளியே வந்தால், வண்டி தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தது.

"ஏய்! வண்டி! நில்லுலே!"

மழை பெய்த கரிசல் மண் காலை விடுமா? நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொண்டது. இழுத்து இழுத்து ஓடினார். வண்டிக்காரன் நிறுத்திவிட்டான்.

"பஸ்சு போயிரும் மாமா!" என்றான் ஜாபர் அலி.

"போனா அடுத்த பஸ்சு வரும்." மூச்சு வாங்கச் சட்டியைப் பாத்திமுத்துவின் கையில் கொடுத்தார். "பிடி. ஆறுமுன்ன தின்னுரு. லேசா அடிப்பிடிச்சிருக்கு."

"என்னைக்குத்தான் பிடிக்கல? ஏன் அண்ணாச்சி, இதத் திருப்பித் தரணும்னா நான் பஸ்சேறியில்லா வரணும்?"

"ஏறி வா. கால் நல்லாத்தான இருக்கு?"

"வருவேன். வராம எங்க போவேன்?"

"வெறுஞ்சட்டியா கொண்டுட்டு வந்துராத."

வண்டி நகர்ந்தது. சங்கிலிப்பாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். குச்சியை ஒடித்துக் காலில் அப்பிய மண்ணைச் சுரண்டத் தொடங்கினார். வண்டி மறையும்வரை அந்த ஒரு காலைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சட்டிக்காக இனி இங்கன வந்து போகணுமா உம்மா? நம்ம வீட்ல இல்லாத சட்டியா?" என்று வண்டிக்குள் அதை வாங்கி மடியில் வைத்த ஜாபர் அலி, கைப்பிடிக்குக் கீழே வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தான். "என்ன இது, வெயிலுகந்தம்மாள்னு போட்டிருக்கு?"

"அவரு பொஞ்சாதி சட்டிலே. சாகுததுக்கு மொத நாளு இதுல பணியாரம் குடுத்துவிட்டா. மூணு வருசமாத் திருப்பிக் குடுக்கேன், அந்த மனுசன் வச்சுக்கிட மாட்டேங்காரு."