இரண்டு முறை வெந்த கல்

அறையில் முனைவர் பட்டத் தேர்வாளர்கள் இருவர், ஆய்வகத்தில் இருபது வருடமாகப் நுண்ணோக்கியில் பார்க்கப் பாறையைத் தாள்போல் தேய்த்துக் கொடுப்பவர், அவருடைய மகள். மகளுக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது.

"முந்நூறு கோடி வருஷத்துக் கல். பூமிக்கடியில ரெண்டு தடவை வெந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மூத்த தேர்வாளர்.

பதில் தடுமாறாமல் வந்தது: "கல்லுல இருக்கற சிவப்பு கார்னெட் மணிக்குள்ள கோடெல்லாம் சாய்வா ஓடுது சார். ஓரத்துல சட்டுனு திசை மாறுது. நடுவுல மணி வளர்றது நின்னு, மறுபடி வெந்திருக்கு."

"தேய்ச்ச ஆள் போட்ட கீறலா இருந்தா? பட்டம் போச்சே."

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த ஆளே நான்தான் சார். கீறல் விழுந்த கல் என் மேஜையைத் தாண்டாது" என்றார் அப்பா.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "டாக்டர் இருங்க, கையெழுத்து வேணும். நீங்க வெளியே இருங்கம்மா."

அப்பாவை டாக்டராக உள்ளே விட்டு, மகள் தலைநிமிர்ந்து வெளியேறினாள். பின்னால் கதவைச் சாத்தித் தாழிட்டார்கள்.