காற்று பிரிந்தது

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பஞ்சநதத்தின் குடலில் ஒன்றரை அடியை வெட்டியெடுத்து, மிச்சத்தை இணைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

வெட்டிய குடல் தூங்கும். அது விழித்துக் காற்று பிரிகிற வரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருந்தார் டாக்டர். பஞ்சநதத்துக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடம் மடை திறந்து மூடியவர். அடைப்பு எடுக்காத வாய்க்காலில் ஒருநாளும் தண்ணீர் விட்டதில்லை.

பொங்கலன்றும் அவர் உதட்டில் ஈரப்பஞ்சுதான்.

பக்கத்துக் கட்டில் ஷேக் பரீதுக்கு முந்தின நாளே பிரிந்துவிட்டது. வார்டுக்கே கேட்டது. அவர் வீட்டார் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

மகன் குணசேகரனுக்கு அன்று மாலை திருச்சியிலிருந்து விமானம். தோகாவில் வேலை. லீவை ஒருமுறை நீட்டியாகிவிட்டது. இனியும் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு வாய் கஞ்சி குடிப்பதைப் பார்க்காமல் நகரக் கூடாது என்று அம்மா பிரகதாம்பாள் மகனின் பாஸ்போர்ட்டைத் தன் பையில் வைத்திருந்தாள்.

காலையில் நர்ஸ் வந்தாள்.

"ஐயா, காத்து பிரிஞ்சுதா?"

"விடியக்காலமே பிரிஞ்சிடுச்சு சிஸ்டர்," என்றான் குணசேகரன்.

"வயிறு உங்களுதா சார்? ஐயா சொல்லட்டும்."

பஞ்சநதம் மகனைப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போர்வைக்குள் வயிறு உப்பிக் கல்லாக இருந்தது.

"பிரிஞ்சுதும்மா."

நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டு, டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, கஞ்சி கொடுக்கலாம் என்றாள்.

புது அரிசிக் கஞ்சி. பிரகதாம்பாள் ஸ்பூனால் ஊட்டினாள். டம்ளர் காலியான பிறகு பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் அவருக்கு வாந்தி வந்தது. படுத்தவாக்கில் நுரையீரலுக்குள் போனது. சனிக்கிழமை இறந்தார்.

திரும்பி வந்த குணசேகரன், எல்லாம் முடிந்த மறுநாள் மருத்துவமனைக்குப் போய்ச் சத்தம் போட்டான். யாரைக் கேட்டுக் கஞ்சி கொடுத்தீர்கள் என்றான். அதே நர்ஸ் கேஸ் ஷீட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

காற்று பிரிந்ததாக 'மகன் கூறினார்' என்று எழுதி, 'மகன்' என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே 'நோயாளி' என்று எழுதியிருந்தது.

புகார் எதுவும் கொடுக்கப்படவில்லை. பிப்ரவரியில் கம்பெனி அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்தது.